ஜன்னல் ஏன் அதிர்கிறது என்று கேட்ட பணகுடி வாசகிக்கு

வாசகியின் கடிதத்திலிருந்து:

"எனக்கு வயது 24. சொந்த ஊர் பணகுடி. பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பி.இ. மெக்கானிக்கல் முடித்தேன். இரண்டு ஆண்டுகளாக ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சம்பளம் மாதம் 28,000 ரூபாய். சிறு வயதில் மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதனை நடக்கும்போது எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். சில நாட்களில் சத்தமே காதில் விழாது, ஆனாலும் ஜன்னல் அதிரும். ஏன் என்று அப்போதிருந்தே மனதில் ஒரு கேள்வி. விண்வெளிப் பொறியியலில் ஆராய்ச்சி செய்து பேராசிரியராக வேண்டும் என்பது என் ஆசை. மெக்கானிக்கல் படித்தவள் அங்கே நுழைய முடியுமா? எம்.டெக். சேர்வதா, நேராகப் பிஎச்.டி.யா, கடன் வாங்கி அமெரிக்கா போவதா? 'படித்து முடிக்கும்போது முப்பது தாண்டிவிடும். கல்யாணம் எப்போது? கடைசியில் வேலை உறுதியா?' என்று அப்பா கேட்கிறார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?"

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். படிப்பு, சம்பளம், வயது, கடன் பற்றியெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்குப் பதில் சொல்கிறேன். ஆனால் முதலில் என் கண்ணில் நின்றது ஜன்னல்தான். காதுக்கு எட்டாத சத்தம் கண்ணாடிக்கு எப்படி எட்டியது என்று ஒரு குழந்தை கேட்டிருக்கிறது. பதினைந்து ஆண்டுகள் கழிந்தும் அந்தக் கேள்வி அவளை விட்டுப் போகவில்லை. ஆய்வு மாணவர் சேர்க்கைக்கான நேர்முகத் தேர்வுக் குழுவில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். "எதில் ஆராய்ச்சி செய்ய விரும்புகிறீர்கள்?" என்று கேட்டால், "ராக்கெட் என்றால் எனக்கு மிகவும் பிடிக்கும்" என்ற பதிலே பெரும்பாலும் வரும். ராக்கெட் பிடித்திருப்பது நல்லதுதான். ஆனால் அந்தப் பிடித்தம் ஆராய்ச்சியின் முதல் ஆறு மாதத்தைத் தாண்டி நிற்பதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். விடை தெரியாத ஒரு கேள்வி உள்ளே உறுத்திக்கொண்டிருப்பவர்கள்தான் ஐந்தாவது ஆண்டிலும் ஆய்வகத்துக்கு வருகிறார்கள். உங்களிடம் அது இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் முதல் சந்தேகத்துக்கும் அதிலேயே விடை இருக்கிறது. ராக்கெட் எஞ்சினின் முனைக்குழலிலிருந்து பீறிடும் வாயு, சுற்றியுள்ள அசையாத காற்றோடு உரசிக் கலக்கும்போது கொந்தளிக்கிறது. அந்தக் கொந்தளிப்பே சத்தமாகிறது. கொந்தளிப்பிலிருந்து ஒலி எப்படிப் பிறக்கிறது என்பதற்கு முதன்முதலில் முறையான கணிதக் கோட்பாடு தந்தவர் இங்கிலாந்தின் ஜேம்ஸ் லைட்ஹில். அது 1952இல். ஜெட் விமானங்களின் இரைச்சல் அப்போது பெரிய தலைவலியாக வளர்ந்துகொண்டிருந்தது. பீறிடும் வாயுத் தாரை எவ்வளவு அகலமோ, அவ்வளவு பெரிய சுழல்கள் அதில் உருவாகும். பெரிய சுழல்கள் மெதுவாகச் சுழலும், அதனால் ஒலியின் அதிர்வெண் தாழும். பெரிய எஞ்சினின் இரைச்சலில் பெரும்பங்கு மிகத் தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பது இதனால்தான். அந்த ஒலி பல கிலோமீட்டர் காற்றில் பயணம் செய்யும்போது உயர்ந்த அதிர்வெண்களைக் காற்று வழியிலேயே விழுங்கிவிடுகிறது. தாழ்ந்தவை அதிகம் குறையாமல் வந்து சேர்கின்றன. 20 ஹெர்ட்சுக்குக் கீழே நம் காது கேட்காது. அதற்குச் சற்று மேலேயும் மந்தமாகத்தான் கேட்கும். ஆனால் சட்டத்தில் தளர்ந்து நிற்கும் ஜன்னல் கண்ணாடிக்குத் தன் இயல்பு அதிர்வெண்ணுக்கு அருகில் வரும் சிறு தூண்டுதலே போதும்.

இதில் மெக்கானிக்கல் எது, ஏரோஸ்பேஸ் எது என்று பிரித்துச் சொல்லுங்கள் பார்ப்போம். வாயுத் தாரை பாய்ம இயக்கவியல். கண்ணாடியின் அதிர்வு நீங்கள் ஆறாவது செமஸ்டரில் படித்திருக்கக்கூடிய அதிர்வியல். எஞ்சினுக்குள் நடப்பது வெப்ப இயக்கவியல். நம் நாட்டில் இந்தக் காற்றொலியியலைச் செய்பவர்கள் சில இடங்களில் ஏரோஸ்பேஸ் துறையில் இருக்கிறார்கள், சில இடங்களில் மெக்கானிக்கல் துறையில். துறையின் பெயர்ப் பலகை மாறும், கணக்கு மாறாது.

ஆகவே, மெக்கானிக்கல் படித்தவர் நுழைய முடியுமா என்ற கேள்விக்கு என் பதில், தாராளமாக முடியும். உங்கள் ஊருக்கு அருகிலிருந்தே ஒரு சான்று தருகிறேன். இஸ்ரோவின் தலைவராக 2025 ஜனவரியில் பொறுப்பேற்ற வி. நாராயணன், கன்னியாகுமரி மாவட்டத்து மேலக்காட்டுவிளைக்காரர். அவர் முதலில் படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ. வேலை பார்த்துக்கொண்டே, பொறியியல் பட்டத்துக்கு இணையான ஏ.எம்.ஐ.இ. முடித்தார். 1984இல் இஸ்ரோவில் சேர்ந்தார். 1989இல் கரக்பூர் ஐஐடியில் கிரையோஜெனிக் (கடுங்குளிர்) பொறியியலில் எம்.டெக்., அங்கேயே 2001இல் ஏரோஸ்பேஸ் பொறியியலில் பிஎச்.டி. இன்னொருவர் ரொத்தம் நரசிம்மா. கொந்தளிப்புப் பாய்வு ஆய்வில் உலகம் மதித்த பெயர். அவர் பெங்களூரில் 1953இல் முடித்ததும் மெக்கானிக்கல் பட்டம்தான். பிறகு இந்திய அறிவியல் நிறுவனத்தில் சதீஷ் தவானின் மாணவரானார். சீரான பாய்வு கொந்தளிப்பாக மாறும் இடைப்பகுதியைப் பற்றி இருவரும் சேர்ந்து 1958இல் எழுதிய கட்டுரையை இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் எடுத்துப் படிக்கிறார்கள்.

ஆனால் உங்களிடம் இல்லாத சில பாடங்கள் உண்டு. அதை மறைக்க மாட்டேன். அமுங்கும் பாய்வு (ஓடும்போதே அடர்த்தி மாறும் வாயுவின் பாய்வு), விமானக் காற்றியக்கவியல், மெல்லிய தகட்டு அமைப்புகள், பறத்தல் இயக்கவியல் ஆகியவற்றை மெக்கானிக்கல் பாடத்திட்டம் தொடாமலோ, ஒரு அத்தியாயத்தில் தொட்டுவிட்டோ போய்விடும். இவற்றில் முதலாவதை மட்டும் நுழைவதற்கு முன்பே கற்றுக்கொள்ளுங்கள், மற்றவற்றை உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். குழாய் விரிந்தால் பாய்வின் வேகம் குறையும் என்று படித்திருப்பீர்கள். ஒலியின் வேகத்தைத் தாண்டிய பாய்வில் அது தலைகீழாகிறது, குழாய் விரிய விரிய வேகம் கூடுகிறது. பரப்பு கூடுவதைவிட வேகமாக அடர்த்தி சரிவதுதான் காரணம். ராக்கெட் முனைக்குழல் முதலில் குறுகிப் பிறகு மணிபோல் விரிவது இதற்காகத்தான். இதைச் சமன்பாட்டோடு ஒரு தாளில் எழுதிக்காட்ட முடிகிற நாளில் உங்களுக்கு அந்தப் பாடத்தின் கதவு திறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்பிடெல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் வகுப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. இரவு ஷிப்ட் இல்லாத வாரங்களில் நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் நான்கு மாதத்தில் ஒரு பாடம் முடியும்.

ஒரு எச்சரிக்கை. நம் பிள்ளைகள் பலர் ஆராய்ச்சிக்குத் தயாராவது என்றால் ஏதாவது ஒரு கணினி மென்பொருளில் சான்றிதழ் வாங்குவது என்று நினைக்கிறார்கள். வண்ண வண்ணமாகப் படம் வரும். "இந்தச் சிவப்பு ஏன் இங்கே இருக்கிறது?" என்று கேட்டால் பதில் வராது. அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். பைத்தானில் உங்கள் கையால் ஒரு நிரல் எழுதுங்கள். ஒரு இரும்புக் கம்பியின் ஒரு முனையைச் சூடாக்கினால் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்ற ஒற்றைப் பரிமாணக் கணக்கு போதும். நேர இடைவெளியைச் சற்றுப் பெரிதாக வைத்துப் பாருங்கள். விடை திடீரென்று வெடித்துச் சிதறும். வெப்பப் பரவல் எண்ணை நேர இடைவெளியால் பெருக்கி, கட்ட அகலத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது அரையைத் தாண்டக்கூடாது என்ற விதி உண்டு. அதைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே நீங்களாகக் கண்டுபிடித்தால், பத்துச் சான்றிதழ்களைவிட அந்த ஒரு மாலைப்பொழுது உங்களுக்கு அதிகம் கற்றுத் தரும்.

இனி வழிகள். எம்.டெக்.கா, பிஎச்.டி.யா என்று இரண்டை மட்டும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, உங்களுக்கு நான் சொல்வது அதைத்தான். சென்னை ஐஐடியில் ஆய்வு வழியிலான எம்.எஸ்., பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் ஆய்வு வழியிலான எம்.டெக். என்று அதற்குப் பெயர். சில பாடங்கள் படித்துவிட்டு, மிச்சக் காலம் முழுவதும் ஒரே ஆராய்ச்சிச் சிக்கலில் வேலை செய்வீர்கள். இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். ஆராய்ச்சி உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் மதிப்புள்ள ஒரு முதுகலைப் பட்டத்தோடு வெளியே வரலாம். ஒத்துவந்தால் விதிகளுக்கு உட்பட்டு அதையே பிஎச்.டி.யாக மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. பி.இ. முடித்தவரை நேராகப் பிஎச்.டி.க்கும் எடுக்கிறார்கள். ஆனால் ஆராய்ச்சி என்றால் என்னவென்று இன்னும் பார்க்காத ஒருவர் ஐந்து ஆறு ஆண்டுகளை முதல் நாளே எழுதிக்கொடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. பாடங்கள் மட்டும் நிறைந்த எம்.டெக். வேலைக்கு நல்லது, உங்கள் நோக்கத்துக்குக் குறைவு.

இதற்கெல்லாம் வாசல் 'கேட்' (GATE) என்ற பொறியியல் முதுகலை நுழைவுத் தேர்வு. மெக்கானிக்கல் தாளையே எழுதுங்கள், ஏரோஸ்பேஸ் தாளுக்காகப் புதிதாகப் பாடுபட வேண்டாம். ஏரோஸ்பேஸ் துறைகள் மெக்கானிக்கல் மதிப்பெண்ணையும் ஏற்கின்றன. அந்தந்த ஆண்டு அறிவிப்பில் மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். தேர்வு பிப்ரவரியில் நடக்கும், சேர்க்கை கோடையில். அதுவரை வேலையை விடாதீர்கள். நேர்முகத் தேர்வைக் கண்டு பயப்படவும் வேண்டாம். எல்லாப் பாடமும் தெரிந்தவரை நாங்கள் தேடுவதில்லை. இரண்டு பாடங்களைச் சொல்லுங்கள் என்போம். நீங்கள் பாய்ம இயக்கவியலும் அதிர்வியலும் என்று சொன்னால், பெர்னூலி சமன்பாடு எங்கெல்லாம் செல்லாது, எல்லைப்படலம் ஏன் பிரிகிறது என்று அடித்தளத்தில்தான் கேட்போம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, கரும்பலகை முன்னால் நின்று யோசிக்கத் தொடங்கும் மாணவியை நான் இதுவரை திருப்பி அனுப்பியதில்லை.

இன்னொரு கதவையும் திறந்தே வையுங்கள். இஸ்ரோ பி.இ. முடித்தவர்களை விஞ்ஞானி-பொறியாளராக எடுக்கும் மத்தியத் தேர்வில் பெரும்பாலும் கேட்கும் மூன்று பாடப்பிரிவுகள் எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கணினி அறிவியல். விண்வெளி நிறுவனம் மெக்கானிக்கல் பட்டதாரிகளையும் தேடுகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. 65 சதவீதம் அல்லது 10க்கு 6.84 என்ற சராசரி இருக்க வேண்டும். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 28, இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு. கேட் தேர்வுக்குப் படிப்பதே இதற்கும் ஆகும். அது ஆராய்ச்சி வேலை அல்ல, பொறியியல் வேலை. ஒரு வால்வு, ஒரு பற்றவைப்பு, ஒரு இணைப்பு தவறாமல் இயங்க வைப்பதே வாழ்நாள் பணியாக இருக்கலாம். ஆனால் உள்ளே போன பிறகும் ஆராய்ச்சி செய்தவர்கள் உண்டு. சரக்கல்விளையில் பிறந்து தமிழ் வழியில் படித்த கே. சிவன் இஸ்ரோவில் சேர்ந்தது 1982இல். மும்பை ஐஐடியில் அவர் பிஎச்.டி. பெற்றது இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து.

இந்தத் துறையின் கால அளவை நீங்களும் அப்பாவும் சேர்ந்து புரிந்துகொள்ள வேண்டும். உங்கள் ஜன்னலை அதிரவைத்த மலையின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990களின் தொடக்கத்தில் கிரையோஜெனிக் எஞ்சின் தொழில்நுட்பத்தைத் தருவதாக இருந்த ரஷ்யா, அமெரிக்க நெருக்கடியால் பின்வாங்கியது. நாமே செய்வோம் என்று தொடங்கினார்கள். திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியில் இருக்க வேண்டும், திரவ ஆக்சிஜன் மைனஸ் 183இல். அந்தக் குளிரில் உலோகம் சுருங்கும், எண்ணெய் உறையும், தாங்கிகள் (பேரிங்குகள்) வேறுவிதமாக நடந்துகொள்ளும். அதற்குப் பக்கத்திலேயே எரிதல் அறையில் பல ஆயிரம் டிகிரி. பல ஆண்டுச் சோதனைகளுக்குப் பிறகு 2010 ஏப்ரலில் முதல் முறையாகப் பறக்கவிட்டார்கள். எரிபொருள் பூஸ்டர் பம்ப் நின்றுபோய் ராக்கெட் கடலில் விழுந்தது. மறுபடியும் சோதனைகள். 2014 ஜனவரி 5 அன்றுதான் வெற்றி. இருபது ஆண்டுகள். அந்த இருபது ஆண்டுகளும் அங்கே வேலை செய்தவர்கள் வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள், வயதானார்கள். விடை மட்டும் அவசரப்படவில்லை.

பல்கலைக்கழக ஆராய்ச்சியிலும் அப்படித்தான், அளவு மட்டும் சிறியது. நான் வேலை செய்வது எரிதலில். எரிதல் அறைக்குள் அழுத்தம் உயரும் கணத்தில் வெப்பமும் கூடினால் அந்த அதிர்வு தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் என்று ஆங்கில இயற்பியலாளர் ராலே 1878இலேயே சொல்லிவிட்டார். சந்திரனுக்கு மனிதரைக் கொண்டுசென்ற சாட்டர்ன் 5 ராக்கெட்டின் எஃப்-1 எஞ்சின் உருவானபோது இதே அதிர்வு எஞ்சின்களை உடைத்துத் தள்ளியது. முழு அளவிலான சோதனைகள் மட்டும் ஏறத்தாழ 2,000 செய்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்குள் வேண்டுமென்றே சிறு குண்டை வெடிக்கவைத்து, கிளம்பும் அதிர்வு தானாக அடங்குகிறதா என்று பார்த்தார்கள். எரிபொருள் தெளிக்கும் தட்டில் செம்புத் தடுப்புகளைப் பொருத்தி வழிக்குக் கொண்டுவந்தார்கள். எஞ்சின் பறந்தது. ஆனால் புதிதாக ஒரு எஞ்சினை வரையும்போதே அது அதிருமா என்று முழு நம்பிக்கையோடு சொல்ல இன்றும் நம்மால் முடியவில்லை. ராலே எழுதி ஒன்றரை நூற்றாண்டு நெருங்குகிறது. என்னைக் காலையில் எழுப்புவது இதுதான்.

என் ஆய்வின் இரண்டாம் ஆண்டில் எட்டு மாத அளவீடுகளைத் தூக்கிப்போட நேர்ந்தது. சுடரின் வெப்பநிலையைத் தெர்மோகப்பிளால், அதாவது நுனியில் சிறு மணிபோல் இணைந்த இரு உலோகக் கம்பிகளால், அளந்துகொண்டிருந்தேன். அந்தச் சிறு உலோக மணி சூடானதும் தானும் கதிர்வீச்சாக வெப்பத்தை இழக்கும். அதனால் சுடரின் உண்மையான வெப்பநிலையைவிடக் குறைவாகவே காட்டும். அந்தத் திருத்தத்தைச் செய்யலாம், ஆனால் அதற்கு மணியின் விட்டம் தெரிந்திருக்க வேண்டும். நான் நடுவில் மூன்று கம்பிகளை மாற்றியிருந்தேன், எந்த நாளில் எது என்று குறித்துவைக்கவில்லை. அன்று இரவு விடுதி மாடியில் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் என் வழிகாட்டி கடிந்துகொள்ளவில்லை. ஒரு புதிய நோட்டை மேசையில் வைத்து, "தேதி, கம்பி எண், விட்டம், முதல் மூன்று பத்தி" என்றார். என் மாணவர்களின் ஆய்வக நோட்டில் முதல் மூன்று பத்தி இன்றும் அவைதான்.

வழிகாட்டியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நிறுவனத்தின் பெயரைவிட வழிகாட்டி முக்கியம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெரிய பெயருள்ள நிறுவனத்தில் கவனிக்காத வழிகாட்டியிடம் போய் ஏழு ஆண்டுகள் வாடியவர்களையும் பார்த்திருக்கிறேன், சிறிய நிறுவனத்தில் நல்ல கையில் வளர்ந்து உலகம் சுற்றி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். சேர்வதற்கு முன் அந்தப் பேராசிரியரின் மாணவர்களிடம் பேசுங்கள். கடந்த பத்து ஆண்டுகளில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை ஆண்டு ஆனது, இப்போது எங்கே இருக்கிறார்கள், நடுவில் எத்தனை பேர் போனார்கள் என்று கேளுங்கள். தயங்காமல் பதில் வந்தால் நல்ல அறிகுறி. பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதும்போது, அவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றைப் படித்து, புரியாத ஒரே ஒரு இடத்தைக் கேளுங்கள். நூறு பேருக்கு ஒரே கடிதம் அனுப்பினால் எங்களுக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். உங்கள் ஜன்னல் கேள்வியை எழுதினால் நான் அன்றே பதில் போடுவேன்.

பணம். கேட் வழியாக வரும் எம்.டெக். மாணவர்களுக்கு உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய். பிஎச்.டி.யில் முதல் இரண்டு ஆண்டுகள் 37,000, பிறகு 42,000. பிஎச்.டி.க்கான இந்த விகிதம் 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. அதாவது முதல் கட்டத்தில் இப்போதைய சம்பளத்தைவிடக் குறையும், பிஎச்.டி.க்கு மாறிய பிறகு இப்போதைய சம்பளத்தைத் தாண்டும். ஒரு பெண் விடுதியில் தங்கிச் சிக்கனமாக வாழ இது போதும். வீட்டுக்கு அனுப்ப அதிகம் மிஞ்சாது. உங்கள் சம்பளத்தை நம்பி வீட்டில் கடன் தவணை ஏதாவது ஓடுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. ஓடினால், அது முடியும்வரை ஓராண்டு பொறுப்பதில் தவறில்லை.

கடன் வாங்கி அமெரிக்காவில் முதுகலை படிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ஏரோஸ்பேஸ் அங்கே மற்ற துறைகளைப் போல் அல்ல. ராக்கெட், ஏவுகணை, ராணுவ விமானம் சார்ந்த தொழில்நுட்பத்தை அந்நியருக்குக் காட்டுவதையே அவர்களுடைய ஆயுத ஏற்றுமதிச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அதனால் அந்த நிறுவனங்களில் பெரும்பாலான வேலைகள் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ உள்ளவர்களுக்குத்தான். பல பத்து லட்ச ரூபாய் கடனோடு அந்தச் சுவரின் முன்னால் போய் நின்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும். வெளிநாடு போக விரும்பினால் உதவித்தொகையோடு பிஎச்.டி.க்குப் போங்கள். வெளியிடத்தக்க அடிப்படை ஆராய்ச்சிக்கு அந்தக் கட்டுப்பாடு பெரும்பாலும் இல்லை. ஜெர்மனியில் பொறியியல் பிஎச்.டி. மாணவர் பல இடங்களில் சம்பளம் வாங்கும் ஊழியராகவே சேர்கிறார். அங்கே முதுகலைப் பட்டம் கேட்பார்கள். அதற்கும் நான் மேலே சொன்ன எம்.எஸ். பயன்படும்.

அப்பாவின் கேள்விகளுக்கு வருகிறேன். அவர் கேட்பதில் தவறே இல்லை, அவரிடம் கோபப்படாதீர்கள். வயதுக் கணக்கை மறைக்காமல் போட்டுக்காட்டுங்கள். 25இல் சேர்ந்தால் பிஎச்.டி. முடிய 31 ஆகலாம். பிறகு ஓரிரு ஆண்டு முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு. 33இல் ஐஐடியில் உதவிப் பேராசிரியர் பதவி கிடைத்தால் அடிப்படைச் சம்பளமே 1,01,500 ரூபாயில் தொடங்கும். ஆனால் "கிடைத்தால்" என்ற சொல்லை அழுத்திச் சொல்லுங்கள். ஒரு இடத்துக்குத் தகுதியானவர்கள் பலர் வருவார்கள். எல்லோருக்கும் ஐஐடி இல்லை. என்ஐடிகள், திருவனந்தபுரத்தில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகம், பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகங்கள், பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் எரிவாயுச் சுழலி (கேஸ் டர்பைன்) ஆய்வகம், எஞ்சின் நிறுவனங்களின் ஆராய்ச்சி மையங்கள் என்று பரப்பு அகலமானது. இப்போது புதிய நிறுவனங்களும் வந்திருக்கின்றன. சென்னை ஐஐடியில் முளைத்த அக்னிகுல், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வார்த்த எஞ்சினோடு 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவியது. குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு அதே ஆண்டு பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை. பிஎச்.டி. முடித்த எரிதல் ஆய்வாளரோ ஒலி ஆய்வாளரோ சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. ஆனால் பேராசிரியர் என்ற அந்த ஒரு பதவி மட்டும் உறுதி என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. நானும் கொடுக்கவில்லை.

கல்யாணம் பற்றி அப்பாவிடம் பேச வேண்டியது நீங்கள்தான். எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆராய்ச்சியும் குடும்பமும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) விதிப்படி பிஎச்.டி. செய்யும் பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு விடுப்பு உண்டு, முடிப்பதற்குக் கூடுதல் காலமும் உண்டு. என் மாணவிகளில் இருவர் கைக்குழந்தையோடு ஆய்வேட்டை முடித்தார்கள். அது எளிதாக இருக்கவில்லை. ஒருவருக்கு மாமியார் துணை நின்றார், இன்னொருவருக்குக் கணவர். அப்படித் துணை நிற்கிற வீடா என்பதைத்தான் அப்பா பார்க்க வேண்டும், அதை அவரிடம் சொல்லுங்கள். செங்கோட்டையில் பிறந்து திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்த நிகர் ஷாஜிதான் சூரியனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா எல்1 திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் என்பதையும் சொல்லுங்கள். பக்கத்து ஊர்ப் பெண் என்றால் அப்பாக்கள் கேட்பார்கள்.

கட்டுரை வெளியீடு பற்றியும் ஒரு வார்த்தை. பணம் கட்டினால் ஒரே வாரத்தில் போடுகிறோம் என்று ஆய்விதழ்களிலிருந்து மின்னஞ்சல் வரும். விண்ணப்பத்தில் எண்ணிக்கை காட்டுவதற்காக அதில் இறங்கிவிடாதீர்கள். தேர்வுக் குழுவில் அந்தப் பெயர்களைப் பார்த்தால் நாங்கள் பட்டியலை மேலே படிப்பதில்லை. கட்டுரை ஒன்றுமே இல்லாமல் வருவது அதைவிட எவ்வளவோ மேல்.

வெறும் கையோடு வர வேண்டாம் என்று நினைத்தால் ஒரு வேலை தருகிறேன். அடுத்த விடுமுறைக்குப் பணகுடி போகும்போது செய்யுங்கள். ஃபைபாக்ஸ் என்று ஒரு இலவசச் செயலி இருக்கிறது, ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தார் செய்தது. உங்கள் போனில் உள்ள முடுக்கமானியின் அளவீட்டை அது பதிவு செய்யும். போனை அந்த ஜன்னல் கண்ணாடியில் இருபக்க நாடாவால் ஒட்டுங்கள். விரல் நுனியால் ஒரு முறை மெல்லத் தட்டுங்கள். அதிர்வு அடங்கும்வரை பதிவு செய்து, பைத்தானில், அதிர்வை அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டும் ஃபூரியே மாற்றம் போட்டு, எந்த அதிர்வெண்ணில் உச்சம் வருகிறது என்று பாருங்கள். சட்டத்தின் ஆணிகளை இறுக்கிவிட்டு மறுபடி எடுங்கள். நடுவில் தட்டியும் ஓரத்தில் தட்டியும் பாருங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் தேதி, தட்டிய இடம், ஆணியின் நிலை, மூன்றையும் நோட்டில் எழுதுங்கள்.

இதில் ஒரு சிக்கல் வரும். ஒட்டிய போனின் எடையே கண்ணாடியின் அதிர்வெண்ணைக் கீழே இறக்கிவிடும். நீங்கள் அளப்பது ஜன்னலை அல்ல, போன் ஒட்டிய ஜன்னலை. போன் இல்லாத ஜன்னலின் அதிர்வெண் என்ன என்பதை, போனை வைத்தே எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? யோசித்துப் பார்த்துவிட்டு, வரைபடத்தோடு எனக்கு எழுதுங்கள்.